பெட்டி பெல்ட்டில் போன பிறகு

எங்கள் பக்கத்தில், திருவாரூர் மாவட்டத்துக் கொரடாச்சேரிக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவில், வெளிநாட்டில் ஆள் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கூத்தாநல்லூருக்கே சின்ன சிங்கப்பூர் என்று பேர். யார் வீட்டிலாவது பெட்டி கட்டிக்கொண்டே இருப்பார்கள், கட்டும் அன்று என்னைக் கூப்பிடுவார்கள். வளைகுடாவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் சில வருஷம் லோடராகவும், பிறகு பெட்டிகளைப் பிரிக்கும் கீழ்த்தளத்திலும் வேலை பார்த்தவன் நான். அதனால் எனக்கு ஏதோ ரகசியம் தெரியும் என்று நினைக்கிறார்கள்.

ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் பெட்டி வரவில்லை என்றால் ஊரில் சொல்லும் காரணம் ஒன்று, நான் உள்ளே பார்த்த காரணம் வேறு. ஊரில் "எவனோ அடிச்சிட்டான்" என்று முடித்துவிடுவார்கள். திருட்டே கிடையாது என்று சொல்ல மாட்டேன். என் கண்ணில் பட்டவரை, பெட்டி வழிதவறியதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை மெஷினால் படிக்க முடியாமல் போனதுதான். இல்லாவிட்டால் நேரம் போதாது. அதுவும் இல்லாவிட்டால் விமானத்தில் எடை மிஞ்சிப்போயிருக்கும்.

அந்தக் காகிதத்திலிருந்தே தொடங்குகிறேன். கவுண்டரில் கைப்பிடியில் சுற்றி ஒட்டும் டேக்கில் பார்கோடும் அதன் கீழே 10 இலக்க எண்ணும் இருக்கும். இரண்டாவது இலக்கத்திலிருந்து மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைச் சொல்லும். எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, கத்தார் ஏர்வேஸுக்கு 157, ஏர் இந்தியாவுக்கு 098. கடைசி ஆறும் உங்கள் பெட்டியின் வரிசை எண். பெட்டி யாருடையது, எந்த விமானத்தில் ஏற வேண்டும் என்கிற விவரம் பார்கோடில் கிடையாது. டேக் அச்சாகும்போதே அது தனியாக ஒரு செய்தியாகக் கணினிக்குப் போய்விடும். கீழே பெல்ட்டில் பெட்டி ஓடிவரும்போது நாலா பக்கமும் இருக்கும் ஸ்கேனர்கள் அந்த எண்ணைப் படிக்கும். கணினி அதைச் செய்தியோடு பொருத்திப் பார்த்து, எந்த வாய்க்காலில் தள்ளுவது என்று முடிவு செய்யும். வாய்க்கால் என்பது நாங்கள் தமிழ் ஆட்கள் வைத்த பேர். விமானத்துக்கு ஒன்றாகப் பிரிந்து போகும் சரிவுகளை அப்படித்தான் சொல்லிக்கொள்வோம்.

எண்ணைப் படிக்க முடியாத பெட்டி ஓரமாக ஒதுங்கி ஒரு தனி பெல்ட்டுக்கு வரும். அங்கே கையில் ஸ்கேனரோடு ஓர் ஆள் நிற்பான். பல மாதம் அந்த ஆள் நான்தான். ஒதுங்கி வந்த பெட்டிகளைப் பார்த்தால் காரணம் உடனே தெரிந்துவிடும். டேக் கசங்கி மடிந்திருக்கும். பெட்டியின் வார் பார்கோடின் மேல் விழுந்து மறைத்திருக்கும். போன பயணத்து டேக் கிழிக்கப்படாமல் புது டேக்கோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். ஸ்கேனருக்கு எது பழசு, எது புதுசு என்று எப்படித் தெரியும்? இரண்டு எண்ணையும் படித்துவிட்டுக் குழம்பி நிற்கும். பெரிய டேக்கைத் தவிர, பெட்டியின் உடம்பில் சின்னச் சின்ன பார்கோடு ஸ்டிக்கரும் ஒட்டுவார்கள். டேக் கிழிந்துவிட்டால் அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பதற்காக. நம் ஆட்கள் டேக்கைக் கிழித்தாலும் இந்தக் குட்டி ஸ்டிக்கரை விட்டுவிடுவார்கள். மூன்று நான்கு பயணத்து ஸ்டிக்கர் வரிசையாக ஒட்டிய பெட்டியெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆகவே பெட்டி கட்டும் வீட்டில் என் முதல் வேலை, ஒரு துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தப் பழைய ஸ்டிக்கர்களைத் தேய்த்து எடுப்பதுதான். "இதுக்கா தம்பி உன்னைக் கூப்பிட்டோம்" என்று ஒரு அத்தை கேட்டார்கள். இதற்குத்தான்.

அடுத்தது கயிறு. அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே பிடி மாதிரி ஒரு வளையமும் விடுவது நம் ஊர் வழக்கம். தூக்க வசதிதான். ஆனால் ஒரு பெல்ட் முடிந்து அடுத்த பெல்ட் தொடங்கும் இடுக்கில் அந்த வளையம் மாட்டும். பெட்டி திரும்பும், பின்னால் வருவது வந்து முட்டும், டேக் பிய்ந்து போகும். துபாய் விமான நிலையம் 2017இல் ஒரு விதியே கொண்டுவந்தது. உருண்டை மூட்டையையும் கோணல்மாணலான கட்டையும் கவுண்டரிலேயே மறுத்துவிடலாம், ஒரு பக்கமாவது தட்டையாக இருக்க வேண்டும் என்று. போர்வையில் சுற்றிய மூட்டை பெல்ட்டில் உருளும், ஸ்கேனர் இருக்கும் இடத்தில் டேக் அடியில் போய்விடும், அதுதான் விஷயம். அட்டைப்பெட்டிதான் என்றால் அகல டேப்பை இறுக்கி ஒட்டுங்கள். கயிறு வேண்டவே வேண்டாம். தொங்கும் வார், தோள்பட்டைப் பட்டை எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வையுங்கள்.

இன்னொன்று, கவுண்டரை விட்டு நகரும் முன் டேக்கில் பெரிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். திருச்சிக்கு டி.ஆர்.இசட், திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. கடைசி ஒரு எழுத்துதான் வித்தியாசம். மெஷின் எண்ணைப் படிப்பதால் ஏமாறாது. ஆனால் வேலை நெருக்கடியில் கையால் பிரிக்கும்போது மனிதக் கண் ஏமாறும். இரண்டு ஊருக்கும் வளைகுடாவிலிருந்து விமானம் உண்டு, நள்ளிரவு ஷிஃப்டில் இரண்டு டாலியும், அதாவது பெட்டி ஏற்றும் தள்ளுவண்டியும், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அந்தத் துண்டுச் சீட்டை, போர்டிங் பாஸில் ஒட்டித் தருவார்களே, அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியையும் ஒரு போட்டோ. பின்னால் "கறுப்புப் பெட்டிங்க" என்று மட்டும் சொன்னால் பிரயோஜனமில்லை. கீழ்த்தளத்தில் பாதிப் பெட்டி கறுப்பு.

சரி, இப்போது தூக்கி எறியும் கதை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து லோடர் பெட்டியை வீசுவதைப் பார்த்து வயிறெரியாதவர்கள் கிடையாது. நியாயம்தான். ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய அகல விமானங்களில் பெட்டிகளைக் கீழே கண்டெய்னரில் அடுக்கி, கண்டெய்னரை மெஷினால் ஏற்றுவார்கள். போயிங் 737இல் அந்த வசதி கிடையாது. ஏர்பஸ் 320 வகையிலும் பல நிறுவனங்கள் கண்டெய்னர் போடுவதில்லை. திருச்சிக்கு வருவதில் அதிகம் இந்தச் சின்ன விமானங்கள்தான். அங்கே ஆள் உள்ளே ஏறி, ஒவ்வொரு பெட்டியாகக் கையால் அடுக்க வேண்டும். உள்ளே நிமிர முடியாது. முழங்காலில் நின்றபடி, வாசலில் வந்து விழும் பெட்டியை ஆழத்துக்குத் தள்ள வேண்டும். ஊரில் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் சிப்பத்தை முதுகில் ஏற்றி ஓடுகிற ஆட்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். 32 கிலோ பெட்டி எனக்கு என்ன பெரிய எடை என்று நினைத்துத்தான் போனேன். நின்றுகொண்டு தூக்குவது வேறு, மண்டியிட்டு இடுப்பைத் திருப்பித் தள்ளுவது வேறு. வளைகுடாவின் வெயில் காலத்தில், தரையில் நிற்கும் விமானத்தின் அந்தப் பொந்துக்குள் மூச்சு விடுவதே ஒரு வேலை. ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் கூடாது என்பது உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கிறதே, அது விமானத்துக்காக வைத்த கணக்கு இல்லை. லோடரின் முதுகெலும்புக்காக வைத்தது. கூடுதல் கட்டணம் கட்டினாலும் 35 கிலோவை ஒரே பெட்டியில் வாங்க மாட்டார்கள், இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள்.

ஆகவே பெட்டி விழும் என்று வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். முதலில் உடைவது சக்கரமும் கைப்பிடியும். 'உடையும் பொருள்' ஸ்டிக்கரை ஸ்கேனரும் படிக்காது, பெல்ட்டும் படிக்காது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு அனுப்புகிறவர்கள் தண்டையும் பாதத்தையும் கழற்றித் தனித்தனியாகத் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோய், அங்கே போட்டுக்கொள்வதே மேல். தலையாட்டி பொம்மை கைப்பையில்தான் வர வேண்டும், வேறு வழியில்லை. வீணை, நாதஸ்வரம் மாதிரி நீளமானவற்றைச் சாதாரண பெல்ட்டில் விடவே விடாதீர்கள். அளவு மீறிய சாமான்களுக்குத் தனி கவுண்டர் இருக்கிறது. அங்கே ஆள் கையில் வாங்கிக் கொண்டுபோவார்.

பாதுகாப்புச் சோதனையும் இந்தக் கீழ்த்தளத்தில்தான் நடக்கிறது. முன்பெல்லாம் நம் ஊர் விமான நிலையங்களில் பெட்டியை நாமே எக்ஸ்ரேயில் போட்டு, பிளாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போவோம். இப்போது பல இடங்களில் பெட்டி பெல்ட்டில் போன பிறகு, உள்ளேயே படிப்படியாகச் சோதனை. முதலில் மெஷின் தானாகப் பார்க்கும். சந்தேகம் என்றால் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் ஆள் படத்தைப் பார்ப்பார். அதிலும் தெளியாவிட்டால் இன்னும் நுணுக்கமான ஸ்கேன். கடைசியில் உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். திரையில் உணவு, துணி, காகிதம் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், உலோகம் நீலமாகத் தெரியும். திருவையாறு அசோகாவை இரண்டு கிலோ டப்பாவில் அமுக்கி, அதன் மேல் செல்போன் சார்ஜரைச் சுருட்டி வைத்தால் திரையில் எப்படி இருக்கும்? அடர்த்தியான ஓர் ஆரஞ்சுக் கட்டி, பக்கத்தில் ஒயர். பார்ப்பவர் நிறுத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். குத்துவிளக்கோ கனமான நீலமாகத் தெரிந்து, தனக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும். இனிப்பு ஒரு பக்கம், மின்சாமான் ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம் என்று பரப்பி வைத்தால் பாதித் தொல்லை போய்விடும். சோதனையில் மாட்டிய பெட்டி நேரத்தையும் இழக்கும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சில பொருள்கள் எப்படி வைத்தாலும் போகாது. கொப்பரை அதில் ஒன்று. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று ஆபத்தான பொருள் பட்டியலில் இருக்கிறது, 1363 என்று ஐ.நா. எண்ணே உண்டு. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கற்பூரமும் அப்படித்தான், அதற்கு எண் 2717. பூஜை சாமான் மூட்டையில் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். தீப்பெட்டி, மத்தாப்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். பவர் பேங்க் கைப்பையில்தான், பெட்டியில் கூடாது. ஊறுகாயும் நெய்யும் இதற்கு நேர் எதிர். கைப்பையில் 100 மில்லி கணக்குக்கு மேல் விடமாட்டார்கள், ஆகவே பெட்டியில் வைக்க வேண்டும். நெய் டப்பாவின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போடுங்கள். நாகப்பட்டினத்துக் கருவாடு பற்றி ஒரே ஒரு வார்த்தை: ஒரு பையில் கசிந்தால் அந்த வரிசைப் பெட்டி எல்லாமே மணக்கும், லோடர்கள் உங்களை மறக்க மாட்டார்கள். சுவாமிமலையில் வாங்கிய சிலை என்றால் கடை பில்லையும், பழம்பொருள் இல்லை என்ற தொல்லியல் துறைச் சான்றையும் கையில் வையுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலையை நாட்டை விட்டுக் கொண்டுபோக 1972ஆம் வருஷச் சட்டம் அனுமதிக்காது. புதுச் சிலைதான் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

ஏறிய பெட்டி இறங்குவதும் உண்டு. எல்லாரும் உட்கார்ந்த பிறகும் விமானம் கிளம்பாமல் நிற்கிறதா? பெட்டி கொடுத்த யாரோ ஒருவர் ஏறவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். ஆள் இல்லாமல் அவர் பெட்டி மட்டும் போகக் கூடாது. இந்த விதிக்குப் பின்னால் 1985 ஜூன் 23 இருக்கிறது. ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மேல் வெடித்து 329 பேர் செத்த நாள். பெட்டியைக் கொடுத்துவிட்டு ஆள் ஏறவே இல்லை. கண்டெய்னரில் இருந்தால் எந்தக் கண்டெய்னர் என்று தெரியும், கொஞ்சம் சுலபம். 737இல் என்றால் நாங்கள் மறுபடி உள்ளே ஏறி, நூற்றுக்கும் மேலான பெட்டிகளைக் கிளறி அந்த ஒரு எண்ணைத் தேட வேண்டும். டியூட்டி ஃப்ரீயில் நேரம் போனது தெரியாமல் நிற்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நேரம் என்றால் டிரான்சிட். விமான நிலையங்களுக்குக் கணினி அமைப்பு செய்து கொடுக்கும் எஸ்ஐடிஏ நிறுவனத்தின் கணக்கில், 2007இல் 1,000 பயணிகளுக்கு ஏறக்குறைய 19 பெட்டிகள் தவறின, 2023இல் அது 6.9 ஆகக் குறைந்தது. மிஞ்சியிருக்கும் அந்தத் தவறுகளில் பெரிய பங்கு விமானம் மாறும் இடத்தில்தான் நடக்கிறது. நீங்கள் ஓடிப் போய் அடுத்த வாசலில் நின்றுவிடலாம். பெட்டி இறங்கி, டாலியில் கீழ்த்தளம் வந்து, திரும்ப ஸ்கேன் ஆகி, திரும்பச் சோதனை முடிந்து வர வேண்டும். டிக்கெட்டில் 50 நிமிஷ இடைவெளி சட்டப்படி செல்லும் என்றே இருக்கலாம். முதல் விமானம் அரை மணி நேரம் தாமதித்தால் முடிந்தது. நான் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது, கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ வருகிறீர்கள் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான டிரான்சிட்டை எடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து சென்னையோ மும்பையோ வந்து திருச்சிக்கு உள்நாட்டு விமானம் மாறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, திரும்பக் கொடுக்க வேண்டும். 'திருச்சி வரைக்கும் டேக் போட்டாச்சு' என்று நம்பி வெறுங்கையோடு அடுத்த விமானம் ஏறியவர்களைத் தெரியும்.

டேக் சரி, நேரமும் சரி, ஆனாலும் பெட்டி வராது. இது திருச்சிப் பக்கத்து ஆட்களுக்கு அடிக்கடி நடப்பது. சின்ன விமானம், முழு ஆட்கள், தலைக்கு 30 கிலோ, தூரப் பயணத்துக்கான எரிபொருள் என்று கூட்டிப் பார்த்தால் சில நாள் எடை மிஞ்சிவிடும். காற்று சூடாக இருந்தால் விமானத்தால் தூக்கக்கூடிய எடையும் குறையும். எரிபொருளைக் குறைக்க முடியாது, டிக்கெட் வாங்கிய ஆளை இறக்கினால் ரகளை. பெட்டிதான் பேசாமல் நிற்கும். 'இருபது பெட்டி விடு' என்று உத்தரவு வந்தால், வாசலுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அது இறங்கும். அதில் ராசி, ஜாதகம் தவிர வேறு கணக்கு நான் பார்த்ததில்லை. அடுத்த விமானத்தில் வரும். என் சித்தப்பா மகன் தங்கை கல்யாணத்துக்கு வந்தபோது இதுதான் நடந்தது. முகூர்த்தப் புடவை கைப்பையில் இருந்ததால் தப்பித்தோம். அவன் வேட்டி சட்டையெல்லாம் பெட்டியோடு கல்யாணம் முடிந்து வந்தது. நகை, பணம், பாஸ்போர்ட் நகல், மாத்திரை, நாளைக்கே வேண்டிய துணி, இதெல்லாம் கைப்பையில்.

பெல்ட் நின்றும் உங்கள் பெட்டி வரவில்லையா? இந்தியாவில் கடைசிப் பெட்டி 30 நிமிஷத்தில் வந்துவிட வேண்டும் என்பது விமானப் பாதுகாப்பு அமைப்பின் கட்டளை. அதற்கு மேலும் வரவில்லை என்றால், வேன்காரர் வெளியே காத்திருக்கிறார் என்று வெளியேறிவிடாதீர்கள். உள்ளேயே விமான நிறுவனத்தின் மேசையில் காணாமல் போன பெட்டிக்கான படிவத்தை எழுதிக் கொடுத்து, 10 எழுத்து-எண் கொண்ட குறிப்பு எண்ணை வாங்குங்கள். அது இல்லாமல் பின்னால் போனில் எவ்வளவு கத்தினாலும் நடக்காது. பேசும்போது 'பெட்டி எங்கே' என்று கேட்காமல் 'கடைசியாக எங்கே ஸ்கேன் ஆனது' என்று கேளுங்கள். 2018 ஜூனிலிருந்து, ஐயாட்டா என்கிற உலக விமான நிறுவனங்களின் சங்கத்தில் உறுப்பாக இருக்கும் நிறுவனங்கள் பெட்டியை வாங்கும்போதும், விமானத்தில் ஏற்றும்போதும், மாற்றும் இடத்திலும், திருப்பித் தரும்போதும் பதிவு செய்ய வேண்டும். ஆகவே பதில் இருக்கும். 'ஏற்றியதாகப் பதிவு இல்லை' என்றால் பெட்டி கிளம்பிய ஊரிலேயே பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம், பயப்பட வேண்டாம்.

பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதமாக வந்து அதனால் செலவானது என்றால், பெட்டி கையில் கிடைத்த 21 நாளுக்குள். 21 நாள் தாண்டியும் வராத பெட்டி தொலைந்ததாகவே கணக்கு. இது 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்வது, இந்தியா 2009இல் அதில் சேர்ந்தது. சர்வதேசப் பயணத்தில் ஒரு பயணிக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியம் வைத்திருக்கும் கணக்கு அலகு. நம் பணத்தில் ஒன்றே முக்கால் லட்சத்தைச் சுற்றி வரும். உச்சவரம்புதான், அவ்வளவும் தருவார்கள் என்று பொருளில்லை. அவசரத்துக்கு வாங்கிய துணி, சோப்பு வரைக்கும் பில்லைச் சேர்த்து வையுங்கள். 'சக்கரம் உடைவது சாதாரணத் தேய்மானம்' என்று மேசையில் இருப்பவர் சொன்னாலும், எழுதிக் கொடுத்துவிட்டே வாருங்கள்.

படிவத்தில் முகவரி எழுதும்போது வளைகுடா நம்பரை எழுதிவிடுவார்கள். ஊருக்கு வந்ததும் அந்த சிம் வேலை செய்யாது. வீட்டில் இருக்கும் ஒருவரின் நம்பரை எழுதுங்கள், தெருப் பேரோடு அருகில் இருக்கும் கோவிலையோ பள்ளிவாசலையோ கூட எழுதுங்கள், பெட்டி கொண்டுவரும் வண்டி பெரும்பாலும் இரவில்தான் வரும். சுங்கம் திறந்து பார்க்க வேண்டியிருக்கும், ஆகவே பூட்டு நம்பரையோ சாவியையோ கொடுத்து வர வேண்டுமா, கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் போதுமா, நேரில்தான் வர வேண்டுமா என்று அந்த மேசையிலேயே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் வந்தவர்கள் சாவியைக் கொடுக்க மட்டும் கொரடாச்சேரியிலிருந்து திருச்சிக்கு இன்னொரு தடவை வண்டி பிடிக்கிறார்கள்.